லண்டன் – சூரிச்: தூரத்தையும் விமான நேரத்தையும் சரியாகக் கணக்கிட முழுமையான வழிகாட்டி

எங்கள் குடும்பத்தில் பாதிப் பேர் லண்டனில் இருக்கிறோம். மீதிப் பேர் சூரிச்சிலும் வின்டர்தூரிலும் இருக்கிறார்கள். கலியாணம், சாமத்தியச் சடங்கு, அந்தியேட்டி என்று வருடத்தில் நாலைந்து தடவை யாராவது இந்த இரண்டு ஊருக்கும் நடுவில் போய் வருவார்கள். டிக்கெட் போடுவதும் நேரம் சொல்வதும் என் பொறுப்பு. ஒவ்வொரு முறையும் புதிதாகப் போகிறவர்கள் அதே நாலைந்து இடங்களில்தான் தடுமாறுகிறார்கள்.

தடுமாற்றத்துக்குக் காரணம் உண்டு. இந்தப் பயணத்தின் தூரத்தைத் தேடினால் 777 கிலோமீட்டர், 788 கிலோமீட்டர், 1,000 கிலோமீட்டர் என்று மூன்று விதமாக வரும். நேரத்தைத் தேடினால் 1 மணி 15 நிமிடம், 1 மணி 40 நிமிடம், 2 மணி 40 நிமிடம் என்று வரும். இவற்றில் எதுவும் பிழையல்ல. ஒவ்வொன்றும் வேறொரு கேள்விக்கான பதில். உங்கள் கேள்வி எது என்று தெரிந்துகொண்டு, கீழே உள்ள வரிசையிலேயே போனால் எண்கள் குழப்பாது. வரிசை முக்கியம்: முந்திய படியின் விடை இல்லாமல் அடுத்த படி வராது.

தொடங்குவதற்கு முன் கையில் இருக்க வேண்டியவை

புறப்படும் வீட்டின் முகவரியும் போய்ச் சேரும் வீட்டின் முகவரியும். பயணத் தேதி. பார்த்து வைத்த விமானத்தின் புறப்படும் நேரம், இறங்கும் நேரம் – போவதற்கும் வருவதற்கும் இரண்டுமே. பயணிகள் ஒவ்வொருவரும் எந்த நாட்டுக் கடவுச்சீட்டு வைத்திருக்கிறார்கள் என்ற விவரம். வர்க்கமூலம் போடத் தெரிந்த ஒரு கால்குலேட்டர். கைப்பேசியில் இருப்பதே போதும்.

கடவுச்சீட்டு விவரத்தை ஏன் முதலிலேயே கேட்கிறேன் என்றால், பயண நேரத்தில் அரை மணி முதல் ஒரு மணி வரை அதனால் மாறும். இலங்கை அல்லது இந்தியக் கடவுச்சீட்டோடு பிரிட்டனில் வசிப்பவருக்கு சுவிஸ் போக ஷெங்கன் (தங்களுக்குள் எல்லைச் சோதனை இல்லாத ஐரோப்பிய நாடுகளின் கூட்டு) விசா வேண்டும். பிரிட்டனின் வதிவிட உரிமை அதற்கு ஈடாகாது. பிரிட்டிஷ் கடவுச்சீட்டுக்கு விசா தேவையில்லை, ஆனால் 180 நாளில் 90 நாள் என்ற வரம்பு உண்டு. சுவிஸ் கடவுச்சீட்டுக்காரர் லண்டன் வருவதற்கு 2025 ஏப்ரல் 2 முதல் மின்னணுப் பயண அனுமதி முன்கூட்டியே எடுத்திருக்க வேண்டும். இதெல்லாம் சரியாக இல்லாவிட்டால் மீதிக் கணக்கு எதுவும் பயன்படாது.

1. எந்தப் புள்ளியிலிருந்து எந்தப் புள்ளி என்று முடிவு செய்யுங்கள்

'லண்டன்' ஒரு புள்ளி அல்ல. சாலைப் பலகைகளில் லண்டனுக்கு இத்தனை மைல் என்று போட்டிருப்பதெல்லாம் சேரிங் கிராஸ் அருகே உள்ள முதலாம் சார்லஸ் மன்னர் சிலையிலிருந்து அளந்தது. விமானம் அங்கிருந்து புறப்படுவதில்லை. ஹீத்ரோ, கேட்விக், லண்டன் சிட்டி, லூட்டன், ஸ்டான்ஸ்டெட் என்று பல நிலையங்கள், ஒவ்வொன்றும் ஒவ்வொரு திக்கில்.

ஹீத்ரோவிலிருந்து சூரிச் விமான நிலையம் 788 கிலோமீட்டர். லண்டன் சிட்டியிலிருந்து சுமார் 760, கேட்விக்கிலிருந்து சுமார் 755, லூட்டனிலிருந்து சுமார் 808. வானத்தில் இந்த வித்தியாசம் நாலைந்து நிமிடம்தான். தரையில் அது ஒன்றரை மணி நேரம் வரை போகும். ஈஸ்ட்ஹாமில் இருப்பவருக்கு லண்டன் சிட்டி பக்கத்திலேயே இருக்கிறது. ஹரோ, வெம்பிளிக்காரருக்கு ஹீத்ரோ. டூட்டிங், குரொய்டன்காரருக்கு கேட்விக். டிக்கெட் விலையை மட்டும் பார்த்து ஈஸ்ட்ஹாமிலிருந்து விடிகாலையில் லூட்டனுக்குப் போனவர்களைப் பார்த்திருக்கிறேன். மிச்சம் பிடித்த காசு டாக்சிக்குப் போய்விட்டது.

சூரிச் பக்கமும் இதே கவனம் வேண்டும். மலிவு டிக்கெட்டில் 'பாசல்' என்று வந்தால் அந்த விமான நிலையம் பிரான்ஸ் மண்ணில் இருக்கிறது. அங்கிருந்து பாசல் ரயில் நிலையத்துக்கு பஸ், பிறகு சூரிச்சுக்கு ரயிலில் ஒரு மணி நேரம் என்று கூட்டிக்கொள்ளுங்கள்.

2. நேர்கோட்டுத் தூரத்தைப் போடுங்கள்

இணையத்தில் ஒரு எண் கிடைக்கும்போது நாமே ஏன் போட வேண்டும்? கிடைத்த எண் வானத் தூரமா, சாலைத் தூரமா, மைலா, கிலோமீட்டரா என்று சரிபார்க்கத்தான். ஒரு தடவை கையால் போட்டுப் பார்த்தவர் பிறகு ஏமாற மாட்டார்.

நகர மையத்திலிருந்து நகர மையத்துக்குப் போட்டுப் பார்ப்போம். லண்டன்: வடக்கு 51.51 பாகை, மேற்கு 0.13 பாகை. சூரிச்: வடக்கு 47.38 பாகை, கிழக்கு 8.54 பாகை.

முதலில் வடக்கு–தெற்கு வித்தியாசம்: 51.51 – 47.38 = 4.13 பாகை. ஒரு அட்சரேகைப் பாகை எங்கே இருந்தாலும் சுமார் 111.2 கிலோமீட்டர். ஆக, 4.13 × 111.2 = 459 கிலோமீட்டர்.

அடுத்தது கிழக்கு–மேற்கு. லண்டன் மேற்கில், சூரிச் கிழக்கில். நடுவில் கிரீனிச் கோடு ஓடுவதால் இரண்டையும் கூட்ட வேண்டும்: 0.13 + 8.54 = 8.67 பாகை. கழித்துவிட்டால் கடைசி விடையில் 15 கிலோமீட்டர் குறைந்துபோகும். சின்னப் பிழையாக இருப்பதால் யாருக்கும் கண்ணில் படாது.

இந்த 8.67 பாகையை 111.2 ஆல் பெருக்கக் கூடாது. தீர்க்கரேகைகள் துருவத்தை நோக்கிப் போகப்போக நெருங்கி வருகின்றன. இந்த இரண்டு ஊருக்கும் நடுவில், சுமார் 49.4 பாகை அட்சரேகையில், ஒரு தீர்க்கரேகைப் பாகை 72.3 கிலோமீட்டர்தான். (49.4 இன் கோசைன் சுமார் 0.65; அதை 111.2 ஆல் பெருக்கினால் வரும்.) ஆக, 8.67 × 72.3 = 627 கிலோமீட்டர்.

இனி பள்ளிக்கூடத்தில் படித்த செங்கோண முக்கோணம். 459 இன் வர்க்கம் 2,10,681. 627 இன் வர்க்கம் 3,93,129. கூட்டினால் 6,03,810. வர்க்கமூலம் 777. இதுதான் எல்லா இடத்திலும் காட்டப்படும் 777 கிலோமீட்டர்.

நான் பார்த்தவரை எல்லாரும் செய்யும் பிழை அந்த 111.2 ஐ இரண்டு பக்கமும் போடுவது. அப்படிப் போட்டால் 1,068 கிலோமீட்டர் வரும். கிட்டத்தட்ட 290 கிலோமீட்டர் அதிகம். அந்த எண் சாலைத் தூரத்துக்கு அருகில் இருப்பதால் 'சரி, இதுதான் போல' என்று நம்பிவிடுவார்கள்.

இந்தத் தட்டைக் கணக்கு ஐரோப்பாவுக்குள் பக்கத்து ஊர்களுக்குப் போதும். லண்டன்–நியூயார்க் மாதிரி தூரத்துக்கு உதவாது. பூமியின் வளைவு குறுக்கே வந்துவிடும்.

அலகையும் பாருங்கள். 788 கிலோமீட்டர் என்பது 490 மைல். கடல் மைலில் 426. விமானத் துறையில் கடல் மைல்தான் பழக்கம். எங்காவது 426 என்று கண்டால் அதைச் சாதாரண மைலாக எடுத்து 1.6 ஆல் பெருக்கிவிடாதீர்கள், 1.852 ஆல் பெருக்க வேண்டும்.

3. தூரத்திலிருந்து பறக்கும் நேரத்துக்கு வாருங்கள்

இந்த வழியில் ஓடும் ஏர்பஸ் ஏ320 வகை விமானம் உயரத்தில் மணிக்கு சுமார் 830 கிலோமீட்டர் வேகத்தில் போகும். 788 ஐ 830 ஆல் வகுத்தால் 57 நிமிடம். இந்த 57 நிமிடத்தில் யாரும் போனதில்லை.

ஏனென்றால் அந்த வேகம் நடுப் பகுதியில் மட்டும்தான். பொதுவாக 10,000 அடிக்குக் கீழே 250 நாட், அதாவது மணிக்கு 463 கிலோமீட்டர் என்ற வேக வரம்பு உண்டு. தோராயமாகப் பிரித்தால் மேலே ஏறுவதற்கு 20 நிமிடமும் 200 கிலோமீட்டரும், கீழே இறங்குவதற்கு 25 நிமிடமும் 200 கிலோமீட்டரும் போய்விடும். மீதி 390 கிலோமீட்டருக்குத்தான் அந்த 830. அது 28 நிமிடம். ஆகமொத்தம் 73. விமானம் ஓடுபாதையின் திசைக்கேற்பச் சுற்றிப் போவதையும் வந்து இறங்குவதையும் சேர்த்தால் 75 முதல் 80 நிமிடம். சக்கரம் தரையை விட்டதிலிருந்து மறுபடி தொடும் வரை இவ்வளவுதான்.

இந்தப் பயணத்தில் மேலே நேராகப் பறக்கும் நேரம் அரை மணிக்கும் குறைவு. காப்பி கொண்டுவந்து கொடுத்துக் கோப்பையை எடுப்பதற்குள் இறங்கத் தொடங்கிவிடும்.

4. டிக்கெட்டில் போட்ட நேரம் வேறு

டிக்கெட்டில் உள்ள புறப்படும் நேரம் விமானம் நிறுத்துமிடத்தை விட்டு நகரும் நேரம். இறங்கும் நேரம் என்று போட்டிருப்பது மறுபக்கம் நிறுத்துமிடத்தில் வந்து நிற்கும் நேரம். அதனால் ஓடுபாதை வரை உருண்டு போவதும் வரிசையில் நிற்பதும் இறங்கிய பின் வாயிலுக்கு வருவதும் இதில் அடக்கம். ஹீத்ரோவில் இரண்டே ஓடுபாதைகள். 15–20 நிமிடம் உருள்வது சாதாரணம். 75–80 நிமிடத்தோடு இதையெல்லாம் கூட்டினால்தான் டிக்கெட்டில் காணும் 1 மணி 40 நிமிடம் வரும்.

ஒரு குறுக்குவழி: ஐரோப்பாவுக்குள் 1,500 கிலோமீட்டருக்கு உட்பட்ட பயணங்களுக்கு, தூரத்தை 800 ஆல் வகுத்து வரும் நேரத்தோடு 40 நிமிடம் கூட்டுங்கள். 788 க்கு 59 + 40 = 99 நிமிடம். சூரிச்–பெர்லின் சுமார் 660 கிலோமீட்டர்; 50 + 40 = ஒன்றரை மணி நேரம். ஐந்து பத்து நிமிடம் முன்பின் இருந்தாலும் பொதுவாக ஒத்துப்போகும்.

5. அந்த ஒரு மணி நேர வித்தியாசம்

இந்தப் படியை அவசரப்படாமல் வாசியுங்கள். நான் பார்த்த சிக்கல்களில் பாதிக்கு மேல் இங்கேதான்.

டிக்கெட்டில் புறப்படும் நேரம் புறப்படும் ஊரின் கடிகாரப்படி, இறங்கும் நேரம் இறங்கும் ஊரின் கடிகாரப்படி. சூரிச் கடிகாரம் லண்டனுக்கு ஒரு மணி நேரம் முன்னால் ஓடுகிறது. கோடையிலும் குளிர்காலத்திலும் அதே ஒரு மணிதான். இரண்டு நாடுகளும் மார்ச், அக்டோபர் மாதங்களின் கடைசி ஞாயிறு ஒரே நொடியில் கடிகாரத்தை மாற்றுகின்றன. ஆகவே 'கோடை நேரம் வந்தால் வித்தியாசம் மாறுமா' என்று கவலைப்பட வேண்டாம்.

லண்டனில் 10:00 புறப்பாடு, சூரிச்சில் 12:40 என்று டிக்கெட் இருந்தால், கண்ணுக்குத் தெரிவது 2 மணி 40 நிமிடம். உண்மையில் 1 மணி 40. திரும்பி வரும்போது சூரிச்சில் 13:30, லண்டனில் 14:15 என்றால், கண்ணுக்குத் தெரிவது 45 நிமிடம். உண்மையில் 1 மணி 45.

செய்ய வேண்டியது இதுதான்: கழிப்பதற்கு முன் இரண்டு நேரத்தையும் ஒரே ஊரின் கடிகாரத்துக்குக் கொண்டுவாருங்கள். சூரிச் நேரத்திலிருந்து ஒரு மணியைக் குறைத்து எழுதிவிட்டுப் பிறகு கழியுங்கள். கழித்துவிட்டுப் பிறகு ஒரு மணியைக் கூட்டுவதா குறைப்பதா என்று யோசிக்கும்போதுதான் தலைகீழாகப் போகிறது.

நேர வித்தியாசமே தெரியாத ஊர் என்றால் இன்னொரு வழி உண்டு. போவது, வருவது இரண்டிலும் கண்ணுக்குத் தெரியும் இடைவெளிகளைக் கூட்டிப் பாதியாக்குங்கள். 2:40 உம் 0:45 உம் சேர்ந்து 3:25. பாதி 1 மணி 42 நிமிடம். இதுவே சராசரிப் பயண நேரம். ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்து (1:55) பாதியாக்கினால் கிட்டத்தட்ட ஒரு மணி; இது கடிகார வித்தியாசம். இரண்டு திசையிலும் நேர் விமானமாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

என் மாமி ஒருவர் கலியாணம் முடிந்து சூரிச்சிலிருந்து திரும்ப வேண்டியிருந்தது. 13:30 விமானம். கைக்கடிகாரத்தை அவர் லண்டனிலிருந்து மாற்றாமலே வந்திருந்தார். சூரிச் விமான நிலையத்தில் ஒரு கதிரையில் சாக்லேட் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். கடிகாரத்தில் 12:20. இன்னும் ஒரு மணி நேரம் இருக்கிறது என்று நிம்மதி. அங்கே உண்மையான நேரம் 13:20, வாயில் மூடியாகிவிட்டது. கைப்பையில் கிடந்த கைப்பேசி தானாகவே சூரிச் நேரத்துக்கு மாறியிருந்தது, எடுத்துப் பார்க்கவில்லை. அன்று மாலை வேறு டிக்கெட் எடுத்து வர வேண்டியதாகிவிட்டது. அதற்குப் பிறகு வயதானவர்களை அனுப்பும்போது, விமானம் சூரிச்சில் நின்றதும் கைக்கடிகாரத்தை மாற்றுங்கள் என்று ஒரு தாளில் எழுதி டிக்கெட்டோடு சேர்த்துக் குத்திவிடுகிறேன்.

கடிகார வித்தியாசத்துக்கு இன்னொரு விளைவும் உண்டு. சூரிச் விமான நிலையத்தில் அட்டவணைப்படி இரவு 11 மணியோடு விமானங்கள் முடிந்துவிடும்; தாமதமானவற்றுக்கு 11:30 வரை. சூரிச் 23:00 என்பது லண்டன் 22:00. அதிலிருந்து 1 மணி 45 ஐக் கழித்தால் 20:15. ஆக, லண்டனில் இரவு எட்டேகாலுக்குப் பிறகு சூரிச்சுக்கு விமானம் தேடுவது வீண். வெள்ளிக்கிழமை வேலை முடித்துவிட்டு ஒன்பது மணி விமானம் பிடிக்கலாம் என்று திட்டம் போடுகிறவர்களுக்கு இதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

6. போகும்போதும் வரும்போதும் நேரம் ஏன் ஒன்றல்ல

ஐரோப்பாவின் மேல்வானத்தில் காற்று பெரும்பாலும் மேற்கிலிருந்து கிழக்கே அடிக்கும், குளிர்காலத்தில் பலமாக. அதனால் சூரிச் போவது கொஞ்சம் விரைவு, லண்டன் வருவது கொஞ்சம் தாமதம். ஆனால் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். மணிக்கு 100 கிலோமீட்டர் காற்று நேர் பின்னாலிருந்து தள்ளினாலும் அந்த 390 கிலோமீட்டர் நடுப்பகுதி 28 நிமிடத்திலிருந்து 25 நிமிடமாகும், எதிர்க்காற்றானால் 32. இவ்வளவுதான் வித்தியாசம்.

லண்டன் திரும்பும்போது நேரத்தைத் தின்பது வரிசை. ஹீத்ரோவில் இறங்க இடம் கிடைக்கும் வரை விமானங்கள் பொவிங்டன், லாம்போர்ன், ஓக்கம், பிக்கின் என்ற நாலு இடங்களில் வானத்தில் வட்டமடித்துக் காத்திருக்கும். தென்கிழக்கிலிருந்து வருவதால் சூரிச் விமானத்துக்குப் பொதுவாக பிக்கின். ஜன்னலில் அதே ஊர் மறுபடி மறுபடி தெரிந்தால் பயப்பட ஒன்றுமில்லை. இதற்கான நிமிடங்களை நிறுவனங்கள் முன்கூட்டியே அட்டவணையில் சேர்த்துவிடுகின்றன.

7. நடுவில் மாறிப் போகும் டிக்கெட்டானால்

தேடல் பக்கத்தில் '5 மணி நேரம்' என்று கண்டால் அது நேர் விமானம் அல்ல. பிராங்க்பர்ட் வழியாகப் போனால் ஹீத்ரோ–பிராங்க்பர்ட் 655 கிலோமீட்டர், பிராங்க்பர்ட்–சூரிச் 285 கிலோமீட்டர், மொத்தம் 940. தூரம் 150 கிலோமீட்டர்தான் கூடுகிறது. நேரம் கூடுவது இரண்டு முறை ஏறி இறங்குவதாலும் நடுவில் காத்திருப்பதாலும்.

இங்கே ஒரு விஷயம் பலருக்குத் தெரியாது. பிரிட்டன் ஷெங்கனில் இல்லை. ஜெர்மனியும் சுவிஸும் இருக்கின்றன. அதனால் கடவுச்சீட்டுச் சோதனை நடப்பது முதலில் இறங்கும் பிராங்க்பர்ட்டில்தான், சூரிச்சில் அல்ல. மாறுவதற்கு ஒரு மணி நேரம்தான் இருக்கிறது என்றால் அந்த வரிசையும் அதற்குள் முடிய வேண்டும். வயதானவர்களுக்கு இரண்டு மணி நேரத்துக்குக் குறைந்த இடைவெளியை நான் எடுப்பதே இல்லை.

8. வீட்டு வாசலிலிருந்து வீட்டு வாசல் வரை

இப்போதுதான் உண்மையான பயண நேரம். கிழக்கு லண்டனிலிருந்து ஹீத்ரோ வழியாக: எலிசபெத் ரயிலில் நிலையம் வரை 75 நிமிடம். இரண்டு மணி நேரம் முன்னதாகப் போவது, 120. விமானம், 100. சூரிச்சில் கடவுச்சீட்டு வரிசை, பெட்டி, 40. விமான நிலையத்துக்கு அடியிலேயே இருக்கும் ரயில் நிலையத்தில் காத்திருந்து சூரிச் தலைமை நிலையம், 25 (ஓட்டம் 10–12 நிமிடம்தான்). மொத்தம் 360 நிமிடம், 6 மணி நேரம். வானத்தில் இருந்தது ஒன்றே கால்.

வரிசைக்கு 40 நிமிடம் என்பதைக் குறைத்துப் போடாதீர்கள். 2025 அக்டோபர் 12 முதல் ஷெங்கன் எல்லைகளில் பிரிட்டிஷ்காரர் உட்பட ஐரோப்பிய ஒன்றியத்தையோ ஷெங்கனையோ சேராத நாட்டவர்களின் கைரேகையும் முகப்படமும் பதியத் தொடங்கினார்கள். முதல் தடவை போகிறவருக்கு இன்னும் கூடுதலாக நேரம் பிடிக்கும்.

இந்த ஆறு மணி நேரத்தை வைத்துத்தான் மற்ற வழிகளோடு ஒப்பிட வேண்டும். ரயிலில் லண்டன் செயின்ட் பாங்க்ராஸ் நிலையத்திலிருந்து பாரிஸ் 'கார் து நோர்' ரயில் நிலையம் சுமார் 2 மணி 20 நிமிடம். அங்கிருந்து ஆர்இஆர் டி என்ற நகர ரயிலில் 'கார் து லியோன்' நிலையம். பிறகு டிஜிவி லிரியா அதிவேக ரயிலில் சூரிச் சுமார் 4 மணி நேரம். முன்னதாகப் போவது, மாறுவது எல்லாம் சேர்த்தால் ஒன்பதரை மணி நேரம் ஆகும். 'விமானம் ஒன்றே கால் மணி, ரயில் எட்டு மணி' என்று ஒப்பிடுவது நியாயமான கணக்கல்ல. உண்மையான இடைவெளி மூன்றரை மணி நேரம். நடுவில் பாரிஸில் தமிழ்க் கடைகள் இருக்கும் லா சப்பலில் தோசை சாப்பிட நேரம் ஒதுக்கினால் அதற்கு ஒரு மணி நேரம் கூட்டுங்கள். கார் து நோரிலிருந்து நடக்கும் தூரம்தான்.

காரில் சுமார் 1,000 கிலோமீட்டர். போக்ஸ்டனிலிருந்து கலே வரை சுரங்க ரயில் 35 நிமிடம், ஓட்டம் மட்டும் பத்து மணி நேரத்துக்கு மேல். சுவிஸ் நெடுஞ்சாலையில் ஏற 40 பிராங்க் கொடுத்து வின்யெட் (சாலைக் கட்டண வில்லை) வாங்க வேண்டும். நாலைந்து பேரும் சீர்வரிசைச் சாமானும் இருந்தால் மட்டும் இதை யோசியுங்கள்.

9. தாமதமானால், அந்த 788 மறுபடி தேவைப்படும்

தூரத்தை அறிந்து வைப்பதற்குப் பணம் சார்ந்த காரணமும் உண்டு. விமான நிறுவனத்தின் பிழையால் மூன்று மணி நேரமோ அதற்கு மேலோ தாமதமாகச் சேர்ந்தால் இழப்பீடு தூரத்தைப் பொறுத்தது. 1,500 கிலோமீட்டர் வரை என்றால் ஐரோப்பிய விதியில் 250 யூரோ, பிரிட்டிஷ் விதியில் 220 பவுண்ட். லண்டன்–சூரிச் இந்த வகுப்பு.

ஒரே டிக்கெட்டில் பிராங்க்பர்ட் வழியாகப் போனாலும் கணக்கில் எடுப்பது 940 அல்ல. முதலில் புறப்பட்ட இடத்திலிருந்து கடைசியாகச் சேர்ந்த இடத்துக்கான நேர்கோட்டுத் தூரம். ஐரோப்பிய நீதிமன்றம் 2017 இல் அப்படித் தீர்ப்பளித்தது. 'எப்போது சேர்ந்தோம்' என்பதற்கு அதே நீதிமன்றம் 2014 இல் சொன்ன பதில்: விமானத்தின் ஒரு கதவாவது திறந்து, பயணிகள் இறங்கலாம் என்று ஆகும் நேரம். சக்கரம் தரையைத் தொட்ட நேரம் கணக்கில் வராது. 2 மணி 55 நிமிடத் தாமதத்தில் தரை தொட்டு, கதவு திறக்க இன்னும் பத்து நிமிடம் ஆனால், அது மூன்று மணி நேரத்தைத் தாண்டிய தாமதம். அதனால் தாமதமான விமானத்தில் கதவு திறக்கும்போது கைப்பேசியில் நேரத்தைப் பார்த்து ஒரு படம் எடுத்து வையுங்கள். போர்டிங் பாஸையும் எறியாதீர்கள்.